பெருங்குடி மழை எங்கே போயிற்று?

சென்னை அடையாற்றிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கு நோக்கிச் சென்றால், தரமணியைத் தாண்டியதும் பெருங்குடி வரும். கிழக்கே பக்கிங்காம் கால்வாய். மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். இரண்டுக்கும் நடுவே கண்ணாடிச் சுவர்கள் பளபளக்கும் மென்பொருள் நிறுவனங்கள். கட்டடங்கள் புதியவை. ஆனால் மழை பெய்தால் தண்ணீர் தன் பழைய வழியைத்தான் தேடும்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி பெய்த மழையைச் சென்னைவாசிகள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. என்று வானிலைத் துறை அறிவித்தது. தாம்பரம் எங்கள் பெருங்குடியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெருங்குடி எல்லாம் தண்ணீரில் நின்றன. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருந்தவர்கள் மூன்று நாள் எங்கள் கூடத்தில்தான் படுத்திருந்தார்கள்.

இவ்வளவு பெரிய மழை, ஒரு கணிப்பொறித் திரையில் காணாமற்போன கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

நான் இயற்பியல் ஆசிரியன். என் மாணவி ஒருத்தி, மூன்றாம் ஆண்டு பி.எஸ்ஸி. படிப்பவள், தன் செயல்திட்டத்துக்குப் பெருங்குடியின் கனமழை நாட்களை எடுத்துக்கொண்டாள். தகவல் இருக்கிறது, கணிப்பொறி இருக்கிறது, கேட்டால் சொல்லிவிடும் என்று இருவருமே நினைத்தோம். நிரலை எழுதி, 2015 டிசம்பர் 2 அன்று எவ்வளவு மழை என்று கேட்டாள். கணிப்பொறி தயக்கமே இல்லாமல் விடை தந்தது: -999.

மழை எதிர்க்குறியில் பெய்யாது. இது என்ன எண்? இதைப் புரிந்துகொள்ள, அவள் படித்த கோப்பைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியாவின் மேல் ஒரு மீன்வலை

இந்திய வானிலைத் துறையின் புனே அலுவலகம் 1901 முதல் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மழைக் கோப்பைத் தயாரித்து வைத்திருக்கிறது. எவர் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். இந்தியாவின் மேல் ஒரு பெரிய மீன்வலையை விரித்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேற்கே 66.5 பாகை தீர்க்கரேகையிலிருந்து கிழக்கே 100 பாகை வரை, தெற்கே 6.5 பாகை அட்சரேகையிலிருந்து வடக்கே 38.5 பாகை வரை. கால் பாகைக்கு ஒரு முடிச்சு. அதாவது ஏறத்தாழ 27 கிலோமீட்டருக்கு ஒன்று. மேற்கு கிழக்காக 135 முடிச்சுகள், தெற்கு வடக்காக 129 முடிச்சுகள். நாடெங்கும் 6,955 மழைமானி நிலையங்கள் பல்வேறு காலங்களில் பதிவு செய்த அளவுகளைக் கொண்டு, ஒவ்வொரு முடிச்சிலும் அன்றைக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை என்று கணித்திருக்கிறார்கள். கடலிலும் அயல்நாட்டு நிலத்திலும் விழும் முடிச்சுகளுக்கு -999 என்று போட்டுவிட்டார்கள். “தகவல் இல்லை” என்பதற்கு அது குறியீடு.

ஒரு நாளைக்கு 135 × 129 = 17,415 எண்கள். ஓராண்டுக்கு 63,56,475 எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் 4 பைட் இடம். ஆக, கோப்பின் நீளம் 2,54,25,900 பைட். இந்தக் கோப்புக்குள் தலைப்பு, ஊர்ப் பெயர், தேதி, அலகு எதுவுமே கிடையாது. எண்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக, பெட்டி எண் எழுதாத நீண்ட சரக்கு ரயிலைப்போல் நிற்கின்றன. எந்த எண் எந்த ஊருக்கு உரியது என்பதைக் கோப்போடு தனியாக வரும் சிறு குறிப்புதான் சொல்லும்.

பெருங்குடி 12.96 பாகை வடக்கு, 80.24 பாகை கிழக்கு. அதற்கு மிக அருகில் உள்ள முடிச்சு 13.0 வடக்கு, 80.25 கிழக்கு. அந்த முடிச்சு உண்மையில் அடையாற்றின் மேல் விழுகிறது. பரவாயில்லை, நான்கைந்து கிலோமீட்டர்தான். தெற்கிலிருந்து எண்ணினால் 27-ஆவது வரிசை, மேற்கிலிருந்து எண்ணினால் 56-ஆவது முடிச்சு. பென்சிலை எடுத்து நீங்களே எண்ணிப் பாருங்கள். முந்தைய 26 வரிசைகளையும் (26 × 135 = 3,510), இந்த வரிசையில் முதல் 55 முடிச்சுகளையும் தாண்டினால், அதாவது 3,565 எண்களைத் தாண்டினால், அடுத்தது நம்முடையது.

டிசம்பர் 2 அந்த ஆண்டின் 336-ஆவது நாள். முந்தைய 335 நாட்களின் 58,34,025 எண்களையும் கூட்டிக்கொண்டால், மொத்தம் 58,37,590 எண்கள், அதாவது 2,33,50,360 பைட்களைத் தாண்டி நின்று, நான்கே நான்கு பைட்களைப் படிக்க வேண்டும். அந்த நான்கு பைட்களில்தான் எங்கள் கூடத்தில் படுத்திருந்தவர்களின் மூன்று நாள் துன்பம் அடங்கியிருக்கிறது.

இரண்டு கண்காணிப்பாளர்கள்

என்னிடம் ஒரு பழைய ஃபோர்ட்ரான் நிரல் இருந்தது. எம்.எஸ்ஸி. படித்த காலத்திலிருந்து வைத்திருக்கும் பழக்கம். அதில் மழை அணியின் அளவு (135, 129) என்று எழுதியிருந்தது. மாணவிக்குத் தெரிந்த மொழி சி. அவள் என் நிரலைப் பார்த்து, தன் சி நிரலில் [135][129] என்று எழுதிக்கொண்டாள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நானும் சரிபார்த்துத் தலையாட்டினேன்.

இங்கே சற்று நிற்போம். ஃபோர்ட்ரான் 1957-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் உருவாக்கிய மொழி. சி மொழி 1972-ஐ ஒட்டி பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது. பைத்தான் 1991-இல் வெளிவந்தது. பழைய மொழி போய்ப் புதிய மொழி வந்துவிடுகிறது என்று நினைக்காதீர்கள். வானிலைக் கணிப்பு நிரல்களில் பெரும்பகுதி இன்றும் ஃபோர்ட்ரான்தான். பைத்தானில் ஒருபடிச் சமன்பாடுகளைத் தீர்க்கச் சொன்னால், திரைக்குப் பின்னால் உழைப்பது பெரும்பாலும் ஃபோர்ட்ரானில் எழுதிய ‘லாபேக்’ தொகுப்பின் வழிமுறைகளே. ஒரே வேலைக்குள் இரண்டு மூன்று மொழிகள் கைமாற்றிக் கைமாற்றித் தகவலைக் கொடுத்து வாங்குகின்றன. கைமாறும்போதுதான் பொருள் கீழே விழும்.

கணிப்பொறியின் நினைவகம் ஒரே நீண்ட வரிசை. அதற்கு நீளம் மட்டும் உண்டு, அகலம் கிடையாது. ஆகவே கட்டம் கட்டமாக உள்ள ஓர் அணியை அதில் வைக்க வேண்டுமானால், அதைப் பிரித்து ஒரே வரிசையாக நிறுத்த வேண்டும். எப்படிப் பிரிப்பது?

பொதுத்தேர்வு அறையை நினைத்துக்கொள்ளுங்கள். முன் வரிசையில் மூவர்: 1, 2, 3. பின் வரிசையில் மூவர்: 4, 5, 6. மணி அடித்ததும் ஒரு கண்காணிப்பாளர் முன் வரிசையை முடித்துவிட்டுப் பின் வரிசைக்குப் போய் விடைத்தாள்களை வாங்குகிறார். அவர் கையில் கட்டு 1, 2, 3, 4, 5, 6 என்று இருக்கும். இன்னொருவர் முன்னிருந்து பின்னாக ஒவ்வொரு நெடுவரிசையாக வாங்குகிறார். அவருடைய கட்டு 1, 4, 2, 5, 3, 6. இரண்டு கட்டிலும் தாள்கள் ஆறுதான், ஒன்றும் தொலையவில்லை. ஆனால் முதலாமவர் கட்டிய கட்டை இரண்டாமவர் பிரித்து மேசைகளில் திருப்பி வைத்தால், முதல் மேசைக்காரரையும் கடைசி மேசைக்காரரையும் தவிர எல்லோருக்கும் அடுத்தவர் தாள்தான் கிடைக்கும்.

சி மொழி முதல் கண்காணிப்பாளர். அதில் கடைசிச் சுட்டெண்தான் வேகமாக ஓடும். ஃபோர்ட்ரான் இரண்டாமவர், அதில் முதல் சுட்டெண் வேகமாக ஓடும். வானிலைக் கோப்பிலோ மேற்கு கிழக்காக உள்ள எண்கள்தான் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆகவே ஃபோர்ட்ரானில் (135, 129) என்று எழுத வேண்டிய அதே அணியைச் சி-யில் [129][135] என்று புரட்டி எழுத வேண்டும். பைத்தானில் எண் அணிகளைக் கையாளும் ‘நம்பை’ தொகுப்பும், வேறு சொல்லாவிட்டால், சி-யின் வழியையே பின்பற்றும்.

நம் பாடநூல்களிலேயே இப்படி ஒரு வேடிக்கை உண்டு. கணிதப் புத்தகத்தில் ‘நிரல்’ என்றால் நெடுவரிசை. கணிப்பொறிப் புத்தகத்தில் ‘நிரல்’ என்றால் கணிப்பொறிக்கு எழுதும் கட்டளைத் தொகுதி. ஒரே மாணவர் அடுத்தடுத்த பாடவேளைகளில் இரண்டையும் படிக்கிறார். அவர் குழம்புவதில்லை, காரணம், எந்த ஆசிரியர் வகுப்பில் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். கணிப்பொறிக்கு அது தெரியாது.

கோப்பு கெட்டுப்போயிருக்கும் என்றுதான் நான் அவளிடம் சொன்னேன். மறுபடி எடுத்து வரச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து வந்தாள், ஒரு தாளோடு.

“சார், கோப்பு கெட்டுப்போகலை. நாம கேட்டது பெருங்குடியை இல்லை சார், கடலை.”

“எந்தக் கடலைம்மா?”

“வங்கக் கடல். பர்மா பக்கம்.”

தாளில் அவள் போட்டிருந்த கணக்கு இது. ஃபோர்ட்ரான் ஒன்றிலிருந்து எண்ணும், சி பூச்சியத்திலிருந்து எண்ணும். அது அவளுக்குத் தெரியும். 56-ஐ 55 என்றும் 27-ஐ 26 என்றும் சரியாகவே மாற்றியிருந்தாள். (மாற்றாமல் விட்டிருந்தால் எண்ணூருக்குக் கிழக்கே கடலில் உள்ள முடிச்சுக்குப் போயிருப்பாள். அதுவும் -999 தான்.) ஆனால் ஒரு வரிசைக்கு 129 எண்கள் என்று சி-யிடம் சொல்லியிருந்ததால், அது 55 × 129 + 26 = 7,121 எண்களைத் தாண்டியது. உண்மையில் கோப்பில் ஒரு வரிசைக்கு 135 எண்கள். 7,121 என்பது 52 முழு வரிசைகளும் 101 எண்களும் ஆகும். 52 வரிசை தாண்டினால் 19.5 வடக்கு, 101 முடிச்சு தாண்டினால் 91.75 கிழக்கு. தேசப்படத்தைத் திறந்து பாருங்கள்: மியான்மரின் சித்வே துறைமுகத்துக்குத் தென்மேற்கே, நடுக்கடல். வானிலைத் துறை அங்கே -999 என்று எழுதி வைத்தது முற்றிலும் சரி.

ஒரு மாணவி தன் ஆசிரியர் சொன்னதை நம்பாமல் இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, மகிழ்ச்சியாகவும் இருந்தது.

கோயம்புத்தூராக இருந்திருந்தால்?

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் தப்பித்தது எதனால்? தவறான முடிச்சு கடலில் விழுந்ததால். -999 என்ற அபத்தமான எண் வந்ததால்தான் சந்தேகமே எழுந்தது. வேறோர் ஊராக இருந்தால்?

கோயம்புத்தூரை எடுத்துக்கொண்டேன். மிக அருகில் உள்ள முடிச்சு 11.0 வடக்கு, 77.0 கிழக்கு. பூச்சியத்திலிருந்து எண்ணினால் 18-ஆவது வரிசை, 42-ஆவது முடிச்சு. சரியான இடம் 18 × 135 + 42 = 2,472. அதே தவற்றைச் செய்தால் 42 × 129 + 18 = 5,436. இதை 135-ஆல் வகுத்தால் ஈவு 40, மீதி 36. அதாவது 16.5 வடக்கு, 75.5 கிழக்கு.

அது கடல் அல்ல. வட கர்நாடகத்தில், பாகல்கோட்டைக்கும் விஜயபுராவுக்கும் இடையே, கொஞ்சம் மேற்குப் பக்கமாக உள்ள நிலம். அங்கே மழை பெய்கிறது, மழைமானி இருக்கிறது, கோப்பில் ஒழுங்கான எண் இருக்கிறது. கோவை மாணவர் ஒருவர் இந்தத் தவற்றைச் செய்தால், 365 நாளும் நம்பத்தகுந்த எண்களே வரும். வரைபடம் அழகாக இருக்கும். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதுகூடத் தெரியும். ஆசிரியர் மதிப்பெண் போட்டுவிடுவார். கோவையின் மழை என்று எண்ணிக்கொண்டு அவர் ஓராண்டு முழுவதும் கிருஷ்ணா நதிக்கரைப் பக்கத்து மழையை ஆராய்ந்திருப்பார். நானாயிருந்தாலும் மதிப்பெண் போட்டிருப்பேன். அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

முட்டையை எந்தப் பக்கம் உடைப்பது?

இடம் சரியாகக் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இன்னும் நான்கு பைட்களைப் படிக்க வேண்டுமே! ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை ஓர் எண் அடங்கும். தாம்பரத்தின் 49 செ.மீ. மழையை, அதாவது 490 மி.மீ. என்பதை, எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தசம எண்களைக் கணிப்பொறியில் எழுதுவதற்கு 1985-இல் ஏற்பட்ட உலகளாவிய தரநிர்ணயத்தின்படி, 490 என்பதன் நான்கு பைட்கள் 67, 245, 0, 0. இதில் 67 தான் பெரிய இடமதிப்பு உடையது. நாம் எண்களை எழுதும்போது பெரிய இடமதிப்பை முதலில் எழுதுவதுபோல.

ஆனால் நம் மேசைக் கணிப்பொறிகளில் உள்ள சில்லுகள் பெரும்பாலும் சிறியதை முதலில் வைக்கும்: 0, 0, 245, 67. வானிலைக் கோப்பிலும் அப்படித்தான் இருக்கிறது. சி-யோ பைத்தானோ அதே கணிப்பொறியில் படிக்கும்போது எந்தச் சிக்கலும் இல்லை. ஜாவா மொழியில் பைட்களிலிருந்து எண்களைப் படிக்க வழக்கமாகப் பயன்படுத்தும் கருவி, எந்தக் கணிப்பொறியில் ஓடினாலும் பெரியதே முதலில் வரும் என்று எடுத்துக்கொள்ளும். அது 0, 0, 245, 67 என்பதை அதே வரிசையில் மதிப்பிட்டால் என்ன வரும் தெரியுமா? 8.8-ஐ 10-இன் 41-ஆம் அடுக்கால் வகுத்தால் வரும் எண். பூச்சியம், புள்ளி, அதன்பின் நாற்பது பூச்சியங்கள், அப்புறம்தான் ஓர் 8. ஒரு தசமத்துக்குத் திருத்திக் காட்டச் சொன்னால் திரையில் 0.0 என்று வரும்.

ஊரே மூழ்கிய நாளில் மழையே இல்லை!

அந்த -999-க்கு நேர்வது இன்னும் மோசம். அதன் பைட்கள் 196, 121, 192, 0. தலைகீழாகப் படித்தால் அதுவும் நுண்ணிய ஓர் எண்ணாகி, திரையில் 0.0 ஆகிவிடும். “தகவல் இல்லை” என்பது “மழை இல்லை” என்று மாறிவிடுகிறது. அளக்கவில்லை என்பதற்கும், அளந்து பார்த்தோம் ஒன்றும் இல்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இயற்பியல் ஆய்வகத்தில் நாங்கள் அடித்துச் சொல்லிக்கொடுப்போம். இங்கே அது நான்கு பைட்களின் வரிசையில் அழிந்துபோகிறது.

இந்த இரு வழக்கங்களுக்கும் 1980-இல் டேனி கோஹென் என்ற அமெரிக்க அறிஞர் பெயர் சூட்டினார்: ‘பெரிய முனையார்’, ‘சின்ன முனையார்’. ஜோனதன் ஸ்விஃப்ட் 1726-இல் வெளியிட்ட கலிவரின் பயணங்கள் கதையில், வேகவைத்த முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று இரண்டு கட்சிகள் சண்டை போடும். அங்கிருந்து எடுத்த பெயர். எந்த முனையில் உடைத்தாலும் முட்டை முட்டைதான். எல்லோரும் ஒரே முனையில் உடைத்தால் போதும் என்பதே அவர் வாதம். இன்றுவரை உடன்பாடு ஏற்படவில்லை.

1985-க்கு முன் நிலைமை இதைவிடச் சிக்கல். 1970-களில் சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கிய ஐ.பி.எம். 370 கணிப்பொறி, தசம எண்களைப் பதினாறை அடியாகக் கொண்டு எழுதியது. வேறு நிறுவனக் கணிப்பொறிகள் இரண்டை அடியாகக் கொண்டு, தத்தம் வழியில் எழுதின. ஒன்றின் பைட்களை இன்னொன்றில் அப்படியே வைத்தால் வருவது வெறும் குப்பை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஃபோர்ட்ரான் தன் வழக்கப்படி ஒரு கோப்பை எழுதும்போது, ஒவ்வொரு பதிவின் முன்னும் பின்னும் அதன் நீளத்தைக் குறித்து வைக்கும். பல கணிப்பொறிகளில் அதற்கு நான்கு நான்கு பைட். அந்தக் கோப்பைச் சி-யில் படிப்பவர் அவற்றையும் மழை என்று எண்ணிக்கொள்வார். வானிலைக் கோப்பில் நல்லவேளையாக அந்தக் குறிகள் இல்லை.

பெயர் எத்தனை நீளம்?

எண்கள் போகட்டும், ஊர்ப் பெயரை எடுத்துக்கொள்வோம். ‘பெருங்குடி’ என்பதில் எத்தனை எழுத்துகள்? பெ, ரு, ங், கு, டி. ஐந்து. மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். பைத்தானைக் கேளுங்கள்: 10 என்று சொல்லும். சி-யைக் கேளுங்கள்: 30 என்று சொல்லும்! ஸ்விஃப்ட் என்று ஒரு மொழி உண்டு (அந்தக் கதாசிரியர் இல்லை, ஆப்பிள் நிறுவனம் 2014-இல் வெளியிட்டது). அது மட்டும் 5 என்று சரியாகச் சொல்லும்.

யாரும் பொய் சொல்லவில்லை. யூனிகோட் முறையில் ‘பெ’ என்பது ப-வும் கொம்பும். ‘ங்’ என்பது ங-வும் புள்ளியும். இப்படிப் பிரித்தால் பத்துக் குறிகள். பைத்தான் அவற்றை எண்ணுகிறது. யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். சி அந்த முப்பது பைட்களை எண்ணுகிறது. ஸ்விஃப்ட் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எண்ணுகிறது.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். நிலையத்தின் பெயருக்கு 20 இடம் போதும் என்று ஒரு ஃபோர்ட்ரான் நிரலில் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் பெருங்குடி எட்டோ ஒன்பதோ எழுத்து, தாராளமாக அடங்கும். தமிழில் எழுதினால் 20 பைட்களில் ‘பெருங்’ என்பதற்கு 18 போய்விடும். மிச்சம் இரண்டு பைட்டில் ‘க’வின் மூன்றில் இரண்டு பங்கு! அதைப் படிக்கும் பைத்தான் நிரல், இது எழுத்தே இல்லை என்று நின்றுவிடும். பள்ளிப் பதிவேட்டிலோ அடையாள அட்டையிலோ தமிழ்ப் பெயர் வால் அறுந்து நிற்பதைக் கண்டால், எங்கோ ஒருவர் பைட்டை எழுத்தென்று எண்ணியிருக்கிறாரோ என்று முதலில் சந்தேகியுங்கள்.

தேதியும் அலகும்

முதல் தேதி இரவெல்லாம் பெய்த மழையை நாங்கள் ஏன் இரண்டாம் தேதியில் தேடினோம் என்று கூர்மையான வாசகர்கள் கேட்டிருப்பீர்கள். வானிலைத் துறையின் வழக்கப்படி, ஒரு நாளின் மழை என்பது அன்று காலை எட்டரை மணியோடு முடியும் 24 மணி நேர மழை. நள்ளிரவில் நாள் மாறும் வேறொரு பட்டியலோடு இதைச் சேர்த்தால், வெள்ளம் ஒரு நாள் முன்னே பின்னே நகரும். செய்தித்தாளில் செ.மீ., கோப்பில் மி.மீ. என்பதும் அப்படித்தான். பைட்கள் அலகைச் சொல்லாது.

அலகு பிசகியதால் ஒரு விண்கலமே போயிற்று. 1999 செப்டம்பர் 23 அன்று அமெரிக்காவின் செவ்வாய்க் காலநிலை ஆய்வுக்கலம் செவ்வாயை நெருங்கியபோது அழிந்தது. தரையில் ஒரு நிரல் உந்துதலைப் பவுண்டு-விநாடியில் எழுதிய கோப்பை, இன்னொரு நிரல் நியூட்டன்-விநாடி என்று படித்தது. இரண்டுக்கும் 4.45 மடங்கு வேறுபாடு. கோப்பு ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தது.

என்ன செய்யலாம்?

எண்களைப் பைட்களாக அனுப்பாமல் எழுத்தாகவே எழுதிவிடுவது ஒரு வழி. 4, 9, 0 என்று எழுதிவிட்டால் எந்த மொழியும் படித்துவிடும். காற்புள்ளி இட்டுப் பிரித்தால் போதும். கோப்பு பெரிதாகும், படிக்க நேரமாகும், ஆனால் மனிதக் கண்ணாலும் பார்க்கலாம். என்னைக் கேட்டால், உங்கள் வயதில் இதுதான் நல்லது.

பெரிய தகவல்களுக்கு, தன்னைத் தானே விளக்கும் கோப்புகள் இருக்கின்றன. வளிமண்டல ஆய்வாளர்களுக்காக 1980-களின் இறுதியில் அமெரிக்காவில் உருவான ‘நெட்-சி.டி.எஃப்.’ அப்படிப்பட்டது. எந்தச் சுட்டெண் அட்சரேகை, எது தீர்க்கரேகை, அலகு என்ன, தகவல் இல்லாத இடத்துக்கு என்ன குறி என்பதெல்லாம் கோப்பின் தலையிலேயே இருக்கும். சரக்குப் பெட்டியின்மேல் சீட்டு ஒட்டுவதுபோல. வானிலைத் துறை அதே மழைத் தகவலை இந்த வடிவிலும் தருகிறது. முதலிலேயே அதை எடுத்திருந்தால் எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இந்தக் கட்டுரையும் இல்லை.

மொழிகளும் கொஞ்சம் நெருங்கி வந்திருக்கின்றன. ஃபோர்ட்ரானின் 2003-ஆம் ஆண்டுத் தரநிர்ணயத்தில் சி-யோடு நேரடியாகப் பேச வசதி செய்தார்கள். எண்ணின் அளவு, வகை எல்லாம் பொருந்தும். ஆனால் சுட்டெண்களின் வரிசையை மட்டும் அது புரட்டிக் கொடுக்காது. அதை நீங்கள்தான் நினைவில் வைக்க வேண்டும்.

என் மாணவி தானாகவே ஒரு வழி கண்டாள். எந்தக் கோப்பைத் திறந்தாலும், விடை முன்பே தெரிந்த ஒரு கேள்வியை முதலில் கேட்கிறாள். நடுக்கடலில் ஒரு முடிச்சைக் கேட்டால் -999 வர வேண்டும். வெள்ள நாளில் சென்னையைக் கேட்டால் பெரிய எண் வர வேண்டும். கோடையில் ராஜஸ்தானத்தைக் கேட்டால் பெரும்பாலும் பூச்சியம் வர வேண்டும். மூன்றும் சரியானால்தான் பெருங்குடிக்கு வருகிறாள்.

இப்போது நீங்கள் ஒரு தாளை எடுங்கள். கணிப்பொறி வேண்டாம். உங்கள் ஊரின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் தேசப்படத்தில் பார்த்து, மிக அருகில் உள்ள கால் பாகைக்குத் திருத்துங்கள். அட்சரேகையிலிருந்து 6.5-ஐயும், தீர்க்கரேகையிலிருந்து 66.5-ஐயும் கழித்து, இரண்டையும் 4-ஆல் பெருக்குங்கள். பெருங்குடிக்கு நாங்கள் செய்த தவற்றை வேண்டுமென்றே செய்யுங்கள்: தீர்க்கரேகை எண்ணை 129-ஆல் பெருக்கி, அட்சரேகை எண்ணைக் கூட்டி, 135-ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் மறுபடி பாகைகளாக்குங்கள். மதுரைக்கு (10 வடக்கு, 78 கிழக்கு) 17.5 வடக்கு, 68.5 கிழக்கு என்று வர வேண்டும்; அரபிக் கடல். வந்தால் உங்கள் முறை சரி. பிறகு உங்கள் ஊர் கடலில் விழுகிறதா, நிலத்தில் விழுகிறதா என்று பாருங்கள்.